முளைப்பாரி ஏன் வெளிறிப்போய் நெடுநெடுவென வளர்கிறது?

மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து மாரியம்மன் கோயில் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு முளைப்பாரியைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டியில் வைக்கோலும் தூளாக்கிய எருவும் பரப்பி, பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை என்று ஊறவைத்த தானியங்களைத் தூவி, வெயில் எட்டிப்பார்க்காத ஒரு அறைக்குள் வைத்து, வேளை தவறாமல் தண்ணீர் தெளித்து, கும்மி கொட்டிப் பாடிப் பெண்கள் வளர்ப்பார்கள். ஒரு வாரம் பத்து நாளில் வெளியே எடுத்தால் வெளிர்மஞ்சள் நிறத்தில், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, நெருக்கமாக, நெட்டையாக நிற்கும். அதே பயறில் நாலு மணி வாசல் ஓரம் சிதறி வெயிலில் முளைத்திருந்தால் அதில் பாதி உயரம்கூட இருக்காது. ஆனால் தண்டு தடித்து, இலை விரித்து, பச்சைப் பசேலென்று இருக்கும்.

சின்ன வயதில் எனக்கு இது பிடிபடவே இல்லை. வெயில்தான் செடிக்குச் சாப்பாடு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், அப்படியானால் வெயில் கிடைத்தது உயரமாகவும் கிடைக்காதது குட்டையாகவும்தானே இருக்க வேண்டும்? இங்கே தலைகீழாக இருக்கிறதே.

முளையின் இடத்திலிருந்து யோசித்தால் இது புரியும். விதைக்குள் அம்மா செடி கட்டிக்கொடுத்த சோறு கொஞ்சம்தான் இருக்கிறது, பாசிப்பயறில் நாம் பருப்பு என்று சொல்கிற அந்த இரண்டு விதையிலைகள்தான் மொத்தக் கையிருப்பும். முளைக்குக் கண் கிடையாது. சுற்றிலும் இருட்டாக இருந்தால், தான் இன்னும் மண்ணுக்கு அடியில் கிடப்பதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். மண்ணுக்கு அடியில் இலையை விரிப்பதும் பச்சையம் தயாரிப்பதும் வீண்செலவு. அதனால் கையிருப்பு முழுவதையும் தண்டை நீட்டுவதற்கே செலவழித்து, எப்படியாவது தலையை வெளியே நீட்டிவிடப் பார்க்கும். வெளிச்சம் பட்டுவிட்டால் கதை வேறு: நீட்டியது போதும், இனி இலையை விரித்துச் சம்பாதிக்க ஆரம்பிக்கலாம். முளைப்பாரி அறையில் மண்ணே மேலே இல்லாவிட்டாலும், அந்த முளைகள் இல்லாத மண்ணைத் துளைத்துக்கொண்டுதான் வளர்கின்றன.

சரி, மூளையோ நரம்போ இல்லாத ஒரு முளை இந்த முடிவை எப்படி எடுக்கிறது? இங்கேதான் ஹார்மோன்கள் வருகின்றன. செடி தனக்குள் மிக மிகச் சிறிய அளவில் தயாரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு அனுப்பும் வேதிப்பொருள்கள். பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு ஒரு அட்டவணை இருக்கும், நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம்: ஆக்சின் தண்டை நீட்டும், ஜிப்ரலின் உயரத்தைக் கூட்டும், சைட்டோகைனின் செல்லைப் பிரிக்கும், எத்திலின் பழத்தைப் பழுக்க வைக்கும், அப்சிசிக் அமிலம் வளர்ச்சியைத் தடுக்கும். தேர்வுக்கு இது போதும். ஆனால் இந்த அட்டவணையை மட்டும் நம்பினால் ஒரு முளைக்குள் நடப்பது எதுவுமே விளங்காது என்பதுதான் நான் சொல்ல வருவது. ஏனென்றால் எந்த ஹார்மோனுக்கும் தனியாக ஒரு வேலை கிடையாது. எந்தத் திசுவில், எவ்வளவு, கூட யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதே ஹார்மோன் ஓரிடத்தில் நீட்டும், இன்னோரிடத்தில் நிறுத்தும். ஒரு பயறு முளைக்கும் வரிசையிலேயே போய்ப் பார்ப்போம்.

விதை கண் விழிக்கும் நேரம்

காய்ந்த விதை செத்த பொருள் கிடையாது, பூட்டி வைத்த வீடு மாதிரி. பல விதைகளில் அந்தப் பூட்டு அப்சிசிக் அமிலம். விதை செடியில் முற்றும்போதே இது உள்ளே சேர்ந்துவிடும், அதனால்தான் ஈரமான காய்க்குள் இருந்தும் விதை அங்கேயே முளைத்துவிடாமல் இருக்கிறது. இதைத் தயாரிக்க முடியாத சில மக்காச்சோள வகைகளில் கதிரில் இருக்கும்போதே மணிகள் முளைவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள். டெல்டா பக்கம் அறுவடை நேரத்தில் மழை அடித்து, சாய்ந்த நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது என்று விவசாயிகள் வயிறெரிவதும் இதோடு சேர்ந்த விஷயம்தான், பூட்டு பலமில்லாத ரகங்களில் அந்தச் சேதம் அதிகம். பிச்சாவரத்துச் சுரபுன்னை மரங்களுக்கோ பூட்டே வேண்டாம். தாய்மரத்தில் தொங்கும்போதே விதை முளைத்து, நீளமான முளையோடு சேற்றில் விழுந்து வேர்பிடித்துக்கொள்ளும்.

விதை தண்ணீரை உறிஞ்சியதும் அப்சிசிக் அமிலம் சிதைய ஆரம்பிக்கிறது, அதே நேரம் உள்ளே இருக்கும் கரு ஜிப்ரலினைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. ஒன்று இறங்க, மற்றொன்று ஏற, இரண்டுக்கும் நடுவில் உள்ள விகிதம் ஒரு எல்லையைத் தாண்டும்போது முளை வெளியே வருகிறது. இதில் முக்கியமானது என்னவென்றால் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்குவதில்லை, ஒன்று மற்றொன்றின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் விதை பாதி முளைத்துப் பாதியில் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை, ஒரு பக்கம் சாய்ந்தால் முழுதாகச் சாய்ந்துவிடும்.

ஜிப்ரலின் என்ன செய்கிறது என்பதைப் பார்லி விதையில் மிக அழகாகக் காட்டினார்கள். பார்லியை இரண்டாக வெட்டி, கரு இல்லாத பாதியை மட்டும் ஊறவைத்தால் அதில் உள்ள மாவு அப்படியே கிடக்கும், கரையாது. அதில் ஜிப்ரலின் சேர்த்தால், மாவைச் சுற்றியுள்ள மெல்லிய உயிருள்ள செல் அடுக்கு மாவுச்சத்தை உடைக்கும் நொதியைச் சுரந்து, மாவு சர்க்கரையாகிவிடும். கூடவே அப்சிசிக் அமிலத்தையும் சேர்த்தால் நின்றுவிடும். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுபவர்கள் இதை வாயாலேயே அறிந்தவர்கள். சாதா மாவில் காய்ச்சியதைவிட அது இளகலாக, லேசான இனிப்போடு இருக்கும், காரணம் முளைக்கும்போது உண்டான அந்த நொதிதான்.

முட்டாள் நாற்றிலிருந்து ஒரு பிரேக்

ஜிப்ரலின் என்ற பொருள் தெரியவந்ததே ஒரு நெல் நோயால்தான். ஜப்பானில் சில நெல் நாற்றுகள் மற்றவற்றைவிட வெளிறி, கன்னாபின்னாவென்று உயரமாக வளர்ந்து, கடைசியில் மணி பிடிக்காமல் சாய்ந்துவிடும். அங்குள்ள விவசாயிகள் அதைப் பக்கானே, அதாவது முட்டாள் நாற்று என்றார்கள். அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில் வேலை பார்த்த எய்ச்சி குரோசாவா, 1926-இல் ஒரு எளிய சோதனை செய்தார். அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சையை ஒரு திரவத்தில் வளர்த்து, பூஞ்சையை முழுவதும் வடிகட்டி எடுத்துவிட்டு, வெறும் திரவத்தை நல்ல நாற்றுக்குக் கொடுத்தார். அதுவும் நெட்டையாக வளர்ந்தது. ஆக, நாற்றை நீட்டியது பூஞ்சை வெளியிட்ட ஏதோ ஒரு பொருள். ஜிப்பரெல்லா என்ற அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்துதான் ஜிப்ரலின் என்ற பெயர் வந்தது, 1938-இல் யபுத்தா, சுமிக்கி என்ற இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். செடிகளே இதைச் சொந்தமாகத் தயாரிக்கின்றன என்பது அதற்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஜிப்ரலின் தண்டைப் பிடித்துத் தள்ளி நீட்டுகிறது என்று நினைத்தால் அது சரியான படமில்லை. செல்லுக்குள் டெல்லா என்ற புரதங்கள் இருக்கின்றன, இவைதான் வளர்ச்சிக்கான பிரேக். ஜிப்ரலின் வந்து செல்லில் உள்ள ஏற்பியோடு சேர்ந்ததும், அந்தக் கூட்டணி டெல்லாவைப் பிடித்துச் செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரத்துக்கு அனுப்பிவிடுகிறது. பிரேக் போனதும் வளர்ச்சி தானாக நடக்கிறது. ஜிப்ரலினைப் பிடிக்கும் அந்த ஏற்பி எது என்பதை 2005-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள், அதுவும் ஒரு குட்டை நெல்லிலிருந்துதான்.

பசுமைப் புரட்சியின் குட்டைப் பயிர்களுக்குள் இருந்ததும் இந்த விஷயம்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 நெல்லை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். உரம் போட்டாலும் நெட்டையாகிச் சாயாமல் குட்டையாகவே நின்று கதிரைத் தாங்கிய ரகம் அது. அதில் ஜிப்ரலினைத் தயாரிக்கும் ஒரு மரபணுவில் பழுது, அதனால் ஜிப்ரலின் குறைவு. குட்டைக் கோதுமைகளில் வேறு மாதிரி: ஜிப்ரலின் தேவையான அளவு இருக்கும், ஆனால் டெல்லா பிரேக்கே மாறிப்போய் ஜிப்ரலினுக்கு அசைந்துகொடுக்காது. அவற்றை விதைத்த விவசாயிகளும், ஏன், உருவாக்கிய விஞ்ஞானிகளும்கூட அன்றைக்கு டெல்லா என்ற பெயரையே கேட்டிருக்க வழியில்லை. இந்த விளக்கமெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துக் கிடைத்தது.

இருட்டும் வெளிச்சமும் பிடித்திருக்கும் ஒரே கயிறு

இப்போது முளைப்பாரி அறைக்குத் திரும்புவோம். இருட்டு என்ற செய்தி ஹார்மோன்களோடு எங்கே வந்து சேர்கிறது?

செல்லுக்குள் பி.ஐ.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதங்கள் இருக்கின்றன, தண்டை நீட்டும் மரபணுக்களை இயக்குபவை இவை. இருட்டில் இவை செல்லில் சேர்ந்துகொண்டே போகும். வெளிச்சம் பட்டால், பைட்டோகுரோம் என்ற ஒளியுணரும் நிறமி கிளர்ந்து இவற்றை அழிக்க வைத்துவிடும். இது ஒளியின் வழி. மறுபக்கம், ஜிப்ரலின் குறைவாக இருந்தால் டெல்லா மிச்சமிருக்கும், அந்த டெல்லா வேறெங்கும் போகாமல் இதே பி.ஐ.எஃப். புரதங்களைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் வைத்திருக்கும். 2008-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதை ஒரே நேரத்தில் கண்டு சொன்னபோதுதான், வெளிச்சமும் ஜிப்ரலினும் தண்டு நீளும் விஷயத்தில் எங்கே கைகோக்கின்றன என்பது தெளிவானது. ஆக, இருட்டில் இருக்கும் முளையில் பி.ஐ.எஃப். ஏராளம், ஜிப்ரலினும் நிறைய, அதைத் தடுக்க வேண்டிய டெல்லா காலி. தண்டு நீளாமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் பலருக்கும் பரிச்சயமில்லாத ஒரு ஹார்மோனைச் சொல்லியாக வேண்டும். பிராசினோஸ்டீராய்டு. பள்ளிப் புத்தக அட்டவணையில் இதற்கு இடம் கிடைப்பது அபூர்வம். 1979-இல் அமெரிக்காவில், கடுகின் சொந்தக்காரச் செடி ஒன்றிலிருந்து தேனீக்கள் சேகரித்த 227 கிலோ மகரந்தத்தைக் கரைத்து வடித்து, கடைசியில் 4 மில்லிகிராம் மட்டும் பிரித்தெடுத்தார்கள். ஒரு உப்புக்கல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இது உண்மையிலேயே ஹார்மோன்தானா என்ற சந்தேகம் ஓய்ந்தபாடில்லை. 1996-இல், இதைத் தயாரிக்க முடியாத ஒரு அராபிடாப்சிஸ் செடியைப் பற்றி எழுதினார்கள் (அராபிடாப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்துச் சின்னக் களை, தாவர ஆய்வுக்கூடங்களின் செல்லப்பிள்ளை). அந்தச் செடியை முழு இருட்டில் முளைக்க வைத்தாலும் குட்டையாக, விதையிலையை விரித்துக்கொண்டு, வெயிலில் நிற்பதைப் போலவே நின்றது! இருட்டு என்ற செய்தி வந்துசேர்ந்தாலும் இந்த ஒரு ஹார்மோன் இல்லாததால் அதை நிறைவேற்ற ஆளில்லை. இன்றைக்குத் தெரிந்த வரையில், பிராசினோஸ்டீராய்டின் கையாள், ஆக்சினின் கையாள், பி.ஐ.எஃப். ஆகிய மூன்று புரதங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே மரபணுக்களின் மேல் சேர்ந்து உட்கார்கின்றன. டெல்லா வந்தால் இந்தக் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறது. தேர் வடத்தை ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் தேர் நகராது இல்லையா, அந்த மாதிரி.

தலையைக் குனிந்து மண்ணைத் துளைப்பது

இருட்டில் முளைத்த பாசிப்பயறைக் கையில் எடுத்துப் பாருங்கள். தண்டின் நுனி நேராக இருக்காது, கொக்கி மாதிரி வளைந்து, விதையிலைகள் கீழே பார்த்தபடி கூப்பியிருக்கும். மண்ணுக்குள் மேலே வரும்போது குருத்து நேராக மண்ணில் உரசினால் நைந்துவிடும். அதனால் முதுகை மண்ணுக்குக் கொடுத்து, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது.

இந்தக் கொக்கி எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் அட்டவணை முதல் அடியிலேயே தடுமாறும். கொக்கியின் உள்பக்கத்தில், அதாவது வளைவின் குழிந்த பக்கத்தில், ஆக்சின் அதிகம் சேர்கிறது. ஆக்சின் தண்டை நீட்டும் என்றுதானே படித்தோம்? இங்கே அது அதிகம் சேர்ந்த பக்கம் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது, வெளிப்பக்கம் தொடர்ந்து நீள்கிறது, தண்டு உள்பக்கமாக வளைந்துவிடுகிறது. ஆக்சின் அப்படி ஒரு பக்கமாகச் சேர்ந்து நிற்பதற்கும் கொக்கி இறுகுவதற்கும் எத்திலின் தூண்டுகிறது. ஜிப்ரலினும் கூட இருந்தாக வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கொக்கி ஒழுங்காக நிற்காது.

எத்திலின் என்றவுடன் நமக்கு மாம்பழமும் வாழைத்தாரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் செடிகளின் மேல் இந்த வாயுவின் வேலை முதலில் பிடிபட்டது பழத்தில் இல்லை, பட்டாணி முளையில். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ் என்ற இளம் ஆய்வாளர் இருட்டில் பட்டாணியை முளைக்க வைத்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக்குள் முளைத்தவை மேலே போகாமல் படுத்தவாக்கில் வளர்ந்தன. வெளிக்காற்றில் வைத்தால் ஒழுங்காக நிமிர்ந்து வளர்ந்தன. அந்தக் காலத்தில் விளக்கெரிக்க நிலக்கரி வாயுதான், அது கசிந்து அறைக் காற்றில் கலந்திருந்தது. அந்த வாயுவில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, குற்றவாளி எத்திலின் என்று 1901-இல் வெளியிட்டார். இருட்டில் உள்ள பட்டாணி முளைக்கு எத்திலின் கொடுத்தால் மூன்று மாற்றம் வரும்: தண்டு நீள்வது குறையும், தடிக்கும், செங்குத்தாகப் போகாமல் சாய்ந்து வளரும். மும்மைத் துலங்கல் என்று இதைச் சொல்கிறார்கள். அராபிடாப்சிஸில் சாய்வதற்குப் பதிலாகக் கொக்கி இன்னும் இறுக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

பார்ப்பதற்கு இது ஏதோ நோய் மாதிரி தெரியும், ஆனால் முளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மண்ணுக்குள் மேலே ஏறும்போது ஒரு கல்லோ மண்கட்டியோ இடிக்கிறது என்று வையுங்கள். இடி பட்டதும் முளை எத்திலினை அதிகம் வெளியிடுகிறது. தண்டு தடித்து வலுவாகிறது, கொக்கி இறுகுகிறது, தடையைச் சுற்றிக்கொண்டு போக முடிகிறது. மெல்லிய நூல் மாதிரி நீண்டுகொண்டே போயிருந்தால் அங்கேயே ஒடிந்திருக்கும். கடையில் கிடைக்கும் குண்டு குண்டான பயறு முளைகளுக்குப் பின்னாலும் இந்தச் சங்கதி உண்டு, முளைகளின் மேல் பாரம் வைத்தும் எத்திலின் வாயுவைக் கொடுத்தும் அவற்றைத் தடிக்க வைக்கும் முறைகள் இருக்கின்றன.

இன்னொரு விஷயம். இருட்டில் தண்டைக் குறுக்கும் இதே எத்திலினை, வெளிச்சத்தில் வளரும் அராபிடாப்சிஸ் முளைக்குக் கொடுத்தால் தண்டு நீள்கிறது. அதே வாயு, அதே தண்டு, கூட வெளிச்சம் இருக்கிறதா என்பது மட்டுமே வித்தியாசம். இப்போது சொல்லுங்கள், எத்திலினுக்கு நேரே அட்டவணையில் என்ன எழுதுவது?

ஆக்சின்: எங்கே எவ்வளவு என்பதுதான் எல்லாம்

முளைப்பாரிச் சட்டியை இருட்டறையிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்தால் சில மணி நேரத்தில் எல்லா முளைகளும் ஜன்னலைப் பார்த்து வளையும். சார்லஸ் டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும் இதைப் புல் முளைகளில் சோதித்து 1880-இல் எழுதினார்கள். நுனியை மூடிவிட்டால் வளைவு வரவில்லை, ஆனால் வளைவது நுனி இல்லை, அதற்குக் கீழே உள்ள பகுதி. அப்படியானால் நுனி ஏதோ ஒரு செய்தியைக் கீழே அனுப்புகிறது. நெதர்லாந்தில் ஃபிரிட்ஸ் வென்ட் 1926-இல் ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி ஒரு சின்ன அகர் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி) கட்டியின் மேல் வைத்து, அப்புறம் அந்தக் கட்டியை மட்டும் நுனியிழந்த முளையின் ஒரு ஓரத்தில் வைத்தார். வெளிச்சமே இல்லாமல் முளை மறுபக்கம் வளைந்தது. செய்தி என்பது கட்டிக்குள் இறங்கக்கூடிய ஒரு பொருள் என்பது கண்முன் நிரூபணமானது. அதுதான் ஆக்சின்.

ஆக்சின் தண்டுச் செல்லில் என்ன செய்கிறது என்றால், செல்சுவரைக் கொஞ்சம் அமிலமாக்கி இளக்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தில் செல் நீண்டுகொள்கிறது. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் நிழல்பக்கம் ஆக்சின் அதிகம், அந்தப் பக்கம் அதிகம் நீண்டு, முளை வெளிச்சத்தை நோக்கிச் சாய்கிறது. சட்டியைப் படுக்க வைத்தால் தண்டிலும் வேரிலும் கீழ்ப்பக்கம் ஆக்சின் சேர்கிறது. தண்டின் கீழ்ப்பக்கம் நீண்டு தண்டு மேலே திரும்பும். வேருக்கோ அந்த அளவு ஆக்சின் அதிகப்படி, கீழ்ப்பக்கம் வளர்ச்சி நின்று வேர் கீழே திரும்பும். ஒரே பொருள் ஒரே நேரத்தில் தண்டை வானத்துக்கும் வேரைப் பூமிக்கும் அனுப்புகிறது.

வேரில் எத்திலினும் ஆக்சினும் சேரும் இடம் விவசாயிகளுக்கு நேரடியாகப் பொருள்படுவது. டிராக்டர் ஏறி இறுகிப்போன மண்ணில் வேர் இறங்குவதில்லை, மண் கெட்டியாக இருப்பதால் வேருக்குத் துளைக்கத் தெம்பில்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2021-இல் வெளியான ஒரு ஆய்வு வேறு காரணத்தைக் காட்டியது. சாதாரண மண்ணில் வேர் வெளியிடும் எத்திலின் மண்துகள்களின் இடைவெளி வழியாகக் கலைந்து போய்விடும். இறுகிய மண்ணில் இடைவெளி இல்லை, எத்திலின் வேரைச் சுற்றியே தேங்குகிறது, அதை வைத்துத்தான் வேர் தன் நீட்சியை நிறுத்துகிறது. எத்திலினை உணர முடியாத நெல், அராபிடாப்சிஸ் வேர்களை அதே இறுகிய மண்ணில் விட்டபோது அவை துளைத்துக்கொண்டு இறங்கின! எத்திலின் வேரை நிறுத்துவதும் பெரும்பாலும் ஆக்சின் மூலமாகத்தான்: வேர்நுனியில் ஆக்சின் உற்பத்தியைக் கூட்டி, அது நீளும் பகுதிக்குப் போய்ச் சேர்ந்து அங்கே வளர்ச்சியை நிறுத்துகிறது. ஆக்சினும் தன் பங்குக்கு எத்திலின் உற்பத்தியைக் கூட்டும். யார் முதலாளி, யார் வேலையாள் என்று சொல்ல முடியாத உறவு இது.

தேங்காய்த் தண்ணீர் சொன்ன சேதி

சைட்டோகைனினைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தேங்காயைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1941-இல் வான் ஓவர்பீக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஊமத்தை விதையின் மிக இளம் கருவைப் பிரித்தெடுத்து வளர்க்கப் பார்த்தார்கள். சர்க்கரை, உப்பு, வைட்டமின் எல்லாம் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை, தேங்காய்த் தண்ணீர் சேர்த்ததும் வளர்ந்தது. யோசித்தால் நியாயம்தான், தேங்காய்த் தண்ணீர் என்பதே தென்னங்கருவுக்கு வைத்த சாப்பாடுதானே. அதற்குள் செல்லைப் பிரிய வைக்கும் பொருள்கள் இருக்கின்றன என்று தெரிந்து, அந்த வகைப் பொருள்களைத் தேடியதில் 1955-இல் ஸ்கூக், மில்லர் ஆகியோரின் குழு கைனட்டின் என்ற சைட்டோகைனினைக் கண்டுபிடித்தது. அதைவிடப் பெரிய விஷயம் 1957-இல் அவர்கள் காட்டியது: புகையிலைத் திசுவுக்கு ஆக்சின் அதிகமாகவும் சைட்டோகைனின் குறைவாகவும் கொடுத்தால் வேர் விடுகிறது, சைட்டோகைனின் அதிகமாகவும் ஆக்சின் குறைவாகவும் கொடுத்தால் குருத்து விடுகிறது, இரண்டும் நடுநிலையாக இருந்தால் வெறும் செல் கட்டியாகவே வளர்கிறது. இன்று திசுவளர்ப்பு வாழைக்கன்று வாங்கி நடும் ஒவ்வொருவரும் இந்த விகிதத்தின் பலனைத்தான் நடுகிறார்கள்.

முளையின் வேர்நுனியிலும் இதே இழுபறி உண்டு. ஆக்சின் செல்களைப் பிரிந்துகொண்டே இருக்க வைக்கிறது, சைட்டோகைனின் போதும் என்று சொல்லி முதிர வைக்கிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் வேர்நுனியின் வளரும் பகுதியின் எல்லை அமைகிறது. இருட்டில் இருக்கும் முளைக்கு வெளியிலிருந்து சைட்டோகைனின் கொடுத்தால் அது எத்திலின் உற்பத்தியைத் தூண்டிவிட்டு, எத்திலின் கொடுத்தது போலவே முளையைக் குறுக்கித் தடிக்க வைக்கும்.

நாற்றங்காலில் இதை எங்கே பார்க்கலாம்

குழித்தட்டில் தக்காளியோ மிளகாயோ விதைத்து நிழலில் வைத்திருப்பவர்கள், நாற்று நெட்டை நெட்டையாக நூலாகப் போய்விட்டது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நெருக்கமாக நிற்கும் நாற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று படும் ஒளியில் சிவப்பு குறைந்து, தொலைசிவப்பு (சிவப்புக்கு அப்பால், நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒளி) கூடியிருக்கும், ஏனென்றால் இலை சிவப்பை விழுங்கிவிட்டுத் தொலைசிவப்பைத் திருப்பி அனுப்பும். பைட்டோகுரோம் அதைப் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பி.ஐ.எஃப்-ஐ விடுவிக்க, அது ஆக்சின் உற்பத்தியைக் கூட்ட, போட்டி போட்டு நீள்கின்றன. அதற்கப்புறம் வெயிலில் கொண்டுபோய் வைத்தால் இனி வளர்வது குட்டையாக வரும், ஏற்கெனவே நீண்டது சுருங்காது. அதனால் முளை தலைகாட்டிய அன்றே நல்ல வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள், இடைவெளியும் விடுங்கள். தினமும் இரண்டு வேளை உள்ளங்கையால் நாற்றின் தலையை மெதுவாகத் தடவிக்கொடுத்தாலும் தக்காளி நாற்று குட்டையாக, கெட்டியாக வளரும். காற்றில் ஆடும் செடிக்கு நேர்வதைத்தான் கை செய்கிறது. தொடுவதால் வரும் இந்த மாற்றத்துக்கு மார்க் ஜாஃபி 1973-இல் ஒரு பெயரே வைத்தார், இதிலும் எத்திலினுக்குப் பங்குண்டு.

வீட்டில் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு கைப்பிடி பாசிப்பயறு போதும். இரவு ஊறவைத்து, ஈரத்துணி விரித்த மூன்று கிண்ணங்களில் பரப்புங்கள். ஒன்று ஜன்னலோரம். இரண்டாவது ஒரு மூடிய டப்பாவுக்குள் வைத்து அலமாரியில். மூன்றாவதும் அதே மாதிரி டப்பாவில், ஆனால் கருப்புப் புள்ளி விழும் அளவு பழுத்த ஒரு வாழைப்பழத்தோடு. இருட்டுக் கிண்ணங்களை ராத்திரியில், விளக்கு போடாமல், ஒரு நிமிடம் திறந்து காற்று மாற்றித் தண்ணீர் தெளித்து மூடுங்கள். நாலாம் நாள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்டின் நீளத்தை ஸ்கேலால் அளந்து, தடிமனை விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். பழத்தோடு இருந்தவற்றின் கொக்கி மற்றதைவிட எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கவனியுங்கள். அப்புறம் இரண்டாவது கிண்ணத்தை அப்படியே ஜன்னலோரம் வைத்துவிட்டு, மணிக்கொரு தடவை போய்ப் பாருங்கள். முதலில் தண்டு ஜன்னல் பக்கம் சாய்கிறதா, கொக்கி நிமிர்கிறதா, விதையிலை பச்சையாகிறதா? அந்த வரிசையை ஒரு தாளில் நேரத்தோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.